கொக்கி எட்டாத முகூர்த்த ரவிக்கை

கேள்வி: எனக்கு ஆவணியில் திருமணம்; இன்னும் 11 நாட்களே இருக்கின்றன. முகூர்த்தப் புடவை அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு. அதனோடு வந்த ரவிக்கைத் துணியில் கழுத்து, முதுகு, முழங்கை வரை நீளும் கை என எல்லா இடத்திலும் மணிகள் கோத்த ஆரிப் பூவேலை செய்து, வைகாசியில் எடுத்த அளவுக்குத் தைத்து வாங்கினோம். நேற்று போட்டுப் பார்த்தபோது முன்பக்கக் கொக்கி ஒன்றரை அங்குலம் எட்டவில்லை. மேல்கையும் பிடிக்கிறது; தோள்பட்டையோ நழுவுகிறது. தைத்தவர் முகூர்த்த வேலைகள் குவிந்து கிடப்பதால் இப்போது தொட முடியாது என்கிறார். இன்னொருவர், அடுத்தவர் தைத்த ஆரி ரவிக்கையைப் பிரிக்கவே மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அம்மாவுக்குத் தைக்கத் தெரியும். வீட்டில் பழைய கால்மிஷின் இருக்கிறது. நாங்களே பிரித்துத் தைக்கலாமா? முடியாதென்றால், இந்தப் பத்து நாளும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு உடம்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். (திண்டுக்கல் வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரவிக்கைக்காக உடம்பைப் பட்டினி போடாதீர்கள். விடியும் முன்பே எழுந்து, பட்டுப் புடவையும் நகையும் மாலையும் சுமந்து, ஓமப் புகைக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்காரப்போகும் உடம்பு அது. பத்து நாள் அரைவயிறாகக் கிடந்தால் முகம் வாடுமே தவிர, மேல்கையின் சுற்றளவும் மார்பின் சுற்றளவும் நீங்கள் நினைத்த இடத்தில் நினைத்த அளவு குறையாது. துணியை உடம்புக்கு ஏற்றபடி மாற்றுவதற்குத்தான் தையல் என்ற தொழிலே இருக்கிறது.

வீட்டிலேயே பிரிக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு, ரவிக்கையின் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதுதான் பதில் சொல்லும். அம்மாவின் கைத்திறனும் மிஷினின் வயதும் அதற்குப் பிறகுதான். என் தந்தை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்தவர். திருமலை நாயக்கர் காலத்துக் கல்தூண்களுக்கு இடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் ஊசி பிடிக்கக் கற்றேன். சித்திரைத் திருவிழாவுக்காகத் தைக்கும் உடைகளும் கல்யாண வீட்டு ரவிக்கைகளும் அப்போது ஒரே நேரத்தில் வந்து குவியும் அந்த இடத்தில், பிரித்துத் தைக்கச் சொல்லி ஒரு துணி வந்தால், அதை உள்புறம் திருப்பிப் பார்த்து விரலால் தடவி அளக்காமல் அவர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். முடியும், முடியாது என்று சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். இன்று எதையும் பிரிக்க வேண்டாம். கத்தரிக்கோல் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

முதலில் ஒரு சிறிய சோதனை. வைகாசியில் அளவு கொடுத்தபோது நீங்கள் அணிந்திருந்த உள்ளாடையும் நேற்று அணிந்திருந்த உள்ளாடையும் ஒரே வகைதானா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மெல்லிய உள்ளாடையோடு அளவு கொடுத்துவிட்டு, பஞ்சு வைத்த புதிய உள்ளாடையோடு போட்டுப் பார்ப்பதால் மட்டுமே கொக்கி எட்டாமல் போன மணப்பெண்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரவிக்கைக்குள்ளேயே கப் வைத்துத் தைத்திருந்தால், அதற்கு மேல் பஞ்சு வைத்த உள்ளாடை தேவையே இல்லை. மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் மார்பு சற்றுப் பருத்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முகூர்த்தத்தன்று அணியப்போகும் உள்ளாடையை இன்றே முடிவுசெய்து, அதை அணிந்துகொண்டு மறுபடி ஒருமுறை, மாலை வேளையில், சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள். அப்போதும் ஒன்றரை அங்குலம் எட்டவில்லை என்றால், அதுதான் உண்மையான குறை.

ஆனால் நீங்கள் விட வேண்டிய துணி ஒன்றரை அங்குலம் அன்று. வீட்டில் பிரித்துத் தைப்பவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இதுதான் என்பதால், இந்தக் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கொக்கி எட்டுவதற்கு ஒன்றரை அங்குலம் வேண்டும். கொக்கி மாட்டிய பிறகு மூச்சு விடவும் சம்மணமிட்டு உட்காரவும் மாலை மாற்றும்போது கையைத் தூக்கவும் இன்னும் ஓர் அங்குலமாவது வேண்டும். ஆக மொத்தம் இரண்டரை அங்குலம். எங்கள் தொழிலில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்று கணக்கு. இரண்டரை அங்குலம் என்றால் 20 நூல். வலது, இடது என இரண்டு பக்கத் தையல். ஒவ்வொரு தையலிலும் முன்துணி ஒன்று, பின்துணி ஒன்று. 20 நூலை நான்காகப் பிரித்தால், ஒவ்வொரு துணியிலும் இப்போதுள்ள தையலிலிருந்து 5 நூல் வெளியே தள்ளிப் புதுத் தையல் போட்டால் போதும். புதுத் தையலுக்கு வெளியே குறைந்தது 3 நூல் துணியாவது மிஞ்சியிருக்க வேண்டும். அதற்கும் குறைந்தால், பட்டு இழைகள் பிரிந்து, இழுவை தாங்காமல் தையலோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஐந்தும் மூன்றும் எட்டு. எனவே உங்கள் ரவிக்கையின் பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலத் துணி இருக்கிறதா என்பதுதான் நீங்கள் இன்று கண்டுபிடிக்க வேண்டியது.

பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, ரவிக்கையை உள்புறம் திருப்பி வையுங்கள். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும், அக்குளிலிருந்து கை ஓரம் வரைக்கும் தையலுக்கு வெளியே நிற்கும் துணியை நான்கைந்து இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள தையல்காரர்கள் கல்யாண ரவிக்கைக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று தாராளமாகவே விட்டிருப்பார்கள். பின்னாளில் பிரித்துவிட வசதியாகப் பக்கத்தில் இரண்டு மூன்று வரிசைத் தையல் போட்டு வைப்பதும் உண்டு. துணி ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் மிஷினில் அடித்திருந்தால் மட்டும் சற்றுக் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் அந்த மிஷின் ஓரத்தை நறுக்கிக்கொண்டே போகும். அளந்து முடித்த பிறகு வெளிப்புறம் திருப்பி, ஆரி வேலை பக்கத் தையலுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். தையலின் இரு பக்கமும் அரை அங்குலம் வேலைப்பாடு இல்லாமல் வெறும் பட்டாக இருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்தது. லைனிங் துணி பட்டோடு சேர்த்து ஒரே தையலில் அடிக்கப்பட்டிருக்கிறதா, தனியாக மூடித் தைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். சேர்த்து அடித்திருந்தால் அம்மாவே செய்துவிடலாம். தனியாக மூடியிருந்தால், கீழ் விளிம்பில் லைனிங்கைச் சிறிது பிரித்து உள்ளே கையை விட வேண்டியிருக்கும். கொஞ்சம் பொறுமை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே ஓர் அங்குலத் துணி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

பழைய தையலைப் பிரித்த பிறகு புதுத் தையல் போடுவதுதான் முறை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அகலம் கூட்டும்போது அது தலைகீழான முறை. புதுத் தையல் பழைய தையலுக்கு வெளியேதான் வரப்போகிறது. ஆகவே பழைய தையல் நான்கு அடுக்குத் துணியையும் நகராமல் இறுக்கிப் பிடித்திருக்கும்போதே புதுத் தையலைப் போட்டு முடித்துவிடுங்கள். அதன் பிறகு உள்ளே இருக்கும் பழைய தையலைப் பிரித்தால், துணி வழுக்குவதோ முன்பக்கமும் பின்பக்கமும் ஏற்ற இறக்கமாவதோ நடக்காது. பட்டு வழுக்கும் துணி. வீட்டில் செய்பவர்களுக்கு இந்த ஒரு பழக்கமே பாதிப் பாதுகாப்பு.

பழைய தையலிலிருந்து 5 நூல் அளந்து, லைனிங் பக்கத்தில், தையல் சுண்ணக் கட்டியால் லேசாகப் புள்ளி வையுங்கள். பட்டின் மேல் பேனாவோ பென்சிலோ படக்கூடாது. அந்தப் புள்ளிகளின் மேல் முதலில் கையால், நீள நீளமான ஓட்டுத் தையல் போடுங்கள். நம் ஊர் ரவிக்கைகளில் பெரும்பாலும் கையை உடலோடு விரித்தபடி பொருத்திவிட்டு, கை ஓரத்திலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தை மூடுவார்கள். கை ஓரத்தின் மடிப்பும் இடுப்பு மடிப்பும் அதற்கு முன்பே தைக்கப்பட்டிருக்கும். உங்களுடையதும் அப்படித்தான் இருந்தால், ஒரே கோட்டில் மார்பும் மேல்கையும் சேர்ந்தே தளர்ந்துவிடும். கையில் ஒரே தையல்தான் என்பதால் அங்கே முன்னும் பின்னுமாக 10 நூல், அதாவது ஒன்றேகால் அங்குலம் கிடைக்கும். கையை வட்டமாகத் தனியே பொருத்தியிருந்தால், அக்குளில் இரு பக்கமும் ஓரிரு அங்குலம் கைப் பொருத்தலைப் பிரித்துத்தான் பக்கத்தைத் தளர்த்த முடியும். அந்த வேலையை, ரவிக்கை தைத்துப் பழகிய ஒருவர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது செய்யுங்கள்.

அடுத்து மிஷின். பழைய கால்மிஷின் தாராளமாகப் போதும். அதில் வேகம் காலின் கட்டுப்பாட்டில் இருப்பதால் இந்த வேலைக்கு அது நல்லதும்கூட. ஆனால் அதிலுள்ள ஊசியைக் கழற்றிவிட்டு 11 எண் ஊசி புதிதாக வாங்கிப் போடுங்கள். முனை மழுங்கிய ஊசி பட்டு இழையைக் குத்தாமல் இழுக்கும். இழுத்த இழை குறுக்கே ஒரு கோடாகத் தெரியும், அதை மறைக்க வழியே இல்லை. மிஷினுக்கு எண்ணெய் விட்டிருந்தால், பழந்துணியில் கறை வராத வரைக்கும் நிறைய ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டைத் தொட வேண்டும். ரவிக்கை தைத்த மீதித் துண்டுகளைத் தைத்தவரிடம் இன்றே கேட்டு வாங்குங்கள்; அவை சோதனைக்கும் வேண்டும், பின்னால் வேறொன்றுக்கும் வேண்டியிருக்கலாம். அந்தத் துண்டில் லைனிங்கும் சேர்த்து, இரண்டு கோடாவது அம்மா தைத்துப் பார்க்கட்டும்.

ஆரி மணிகள் தையலுக்கு நெருக்கமாக வரும் இடங்களில் மிஷினை ஓட்டவே வேண்டாம். துணியை அழுத்தும் பாதம் மணியின் மேல் ஏறினால் துணி கோணும்; ஊசி மணியில் பட்டால் ஊசி முறியும், முறிந்த முனை பட்டைக் கிழிக்கும். அந்த இடங்களிலும், கையில் ஜரிகைக் கரை குறுக்கே வரும் இடத்திலும் கையாலேயே கெட்டித் தையல் போடுங்கள். ஒரு தையல் முன்னே குத்தி, பாதி பின்னே வந்து, மறுபடி முன்னே போகும் பழைய முறைதான். இரட்டை நூலை மெழுகில் ஓட்டிக்கொண்டு பொடிப் பொடியாகத் தைத்தால் அது மிஷின் தையலுக்குச் சற்றும் குறையாத பிடிமானம் தரும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. அதில் ஊசி குத்திய துளை எளிதில் மூடாது. ஆகையால் கரை வரும் இடத்தில் குத்திக் குத்திப் பிரிக்காமல், முன்கரையும் பின்கரையும் நேர்க்கோட்டில் சேர்கின்றனவா என்று ஓட்டுத் தையலிலேயே உறுதிசெய்துகொண்டு ஒரே முறையில் தைத்துவிடுங்கள்.

புதுத் தையல் வரும் கோட்டின் மேலேயே சில மணிகள் இருந்தால் என்ன செய்வது? நூலை வெட்டி மணியை எடுக்கத் தோன்றும்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆரி வேலை என்பது கொக்கி ஊசியால் இழுக்கும் சங்கிலித் தையல். நடுவில் ஓரிடத்தில் நூலை வெட்டினால் அங்கிருந்து ஒவ்வொரு கண்ணியாக உருவிக்கொண்டு, கொடியும் பூவும் கண் முன்னே கழன்றுவிடும். தேவைப்படும் மணியைச் சிறு குறடால் பிடித்து, மேலே துணியைப் போர்த்தி, மெல்ல நசுக்கி உடைத்துவிடுங்கள். மணி போய்விடும், நூல் அறாமல் நிற்கும். கண்ணாடி மணி தெறிக்கும் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வதும், தூளைத் துணியிலிருந்து முழுவதும் தட்டிவிடுவதும் அவசியம். உடைத்த இடத்தில் தளர்ந்து நிற்கும் நூலை, பின்பக்கம் இரண்டு சிறு கைத்தையல் போட்டு லைனிங்கோடு பிணைத்துவிடுங்கள். சர்தோசி எனப்படும் உலோகக் கம்பிச் சுருள் இருக்கும் இடத்தை மட்டும் தொடவே வேண்டாம். அதன் ஓரமாக ஒதுங்கித் தையுங்கள், அங்கே ஒரு நூல் அகலம் குறைந்தால் குறையட்டும்.

புதுத் தையல் முடிந்து, இரு முனைகளிலும் முடிச்சு உறுதியாக இருக்கிறதென்று பார்த்த பிறகு, பழைய தையலைப் பிரியுங்கள். வீடுகளில் பிளேடால் பிரிப்பது வழக்கம். பட்டுக்கு அது ஆகாது. தையல் பிரிக்கும் கருவி 20, 30 ரூபாய்க்குள் கிடைக்கும். அது இல்லையென்றால் சிறு கத்தரிக்கோலின் முனையால் நான்கைந்து கண்ணிக்கு ஒன்றாக ஒரு பக்கத்து நூலை வெட்டிக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை மெதுவாக உருவுங்கள். துணியை இரு கையால் விரித்து இழுத்துப் பிரிக்கும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால், இந்த ஒரு நாளைக்கு அதை மறந்துவிடச் சொல்லுங்கள்.

பழைய தையல் இருந்த கோட்டில் பொடித் துளைகள் தெரியும். அவை அக்குளுக்குக் கீழே, புடவைக்குள் மறையும் இடம் என்பதால் மனம் வருந்த வேண்டாம். நகத்தின் பின்புறத்தால் குறுக்காக லேசாகத் தேய்த்தால் இழைகள் ஓரளவு கூடிவரும். அதன் பிறகு இஸ்திரி. இதில் நான் பட்ட பாடு இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைக் கையைத் திருத்திவிட்டு, மடிப்பு போகட்டும் என்று மேல்புறமாகவே பெட்டியை வைத்தேன். ஜமிக்கிகள் எல்லாம் சுருங்கி உருகிக் கருத்துவிட்டன. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், இரவெல்லாம் விழித்து ஒவ்வொன்றாக மாற்றித் தைத்தேன். அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கண் கலங்கி நின்றது இன்றும் எனக்கு மறக்கவில்லை. எனவே, தடித்த துவாலையின் மேல் வேலைப்பாடு கீழ்நோக்கி இருக்குமாறு ரவிக்கையைக் கவிழ்த்து, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, பட்டுக்குரிய குறைந்த சூட்டில், தேய்க்காமல் எடுத்து எடுத்து வைத்து அழுத்துங்கள். தண்ணீர் தெளிக்கக்கூடாது, பட்டில் நீர்த்துளி காய்ந்த இடம் வளையமாகத் தெரியும்.

இனி, உள்ளே ஓர் அங்குலம் இல்லாத நிலைமை. 4 நூல்தான் இருக்கிறது என்றால், பக்கத்தைத் தளர்த்தி உங்களுக்கு வேண்டிய அகலம் கிடைக்காது. பேராசைப்பட்டு ஓரம் வரை போய்த் தைத்தால், மாலை மாற்றக் கையைத் தூக்கும்போதே கிழியும். அப்போது பக்கத்தில் ஒரு துண்டு சேர்ப்பதுதான் சரியான வழி. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டரை அங்குலம் வேண்டுமென்பதால் பக்கத்துக்கு ஒன்றேகால் அங்குலம். அதோடு இரு ஓரத் தையலுக்கும் 4 நூல் வீதம் சேர்த்து, இரண்டேகால் அங்குல அகலத்தில், கை ஓரம் முதல் இடுப்பு வரையிலான நீளத்துக்கு மேல் மடிப்புக்காக ஓர் அங்குலம் விட்டு, இரண்டு பட்டுத் துண்டும் அதே அளவில் இரண்டு லைனிங் துண்டும் வெட்டிக்கொள்ளுங்கள். தைத்தவரிடம் கேட்டு வாங்கச் சொன்ன மீதித் துணி இதற்குத்தான். அது கிடைக்காவிட்டால் அதே அரக்கு நிறத்தில் வெறும் பட்டுத் துணி வாங்கினால் போதும். கையைத் தொங்கவிட்டால் மறைந்துவிடும் இடத்தில் நிறம் இம்மி வேறுபட்டாலும் யார் கண்ணுக்கும் படாது. முகூர்த்தப் புடவையிலிருந்து மட்டும் துண்டு வெட்டாதீர்கள். உட்செருகும் முனைதானே என்று சிலர் சொல்வார்கள். கொசுவத்துக்குத் துணி குறையும், பெரியவர்கள் மனமும் நோகும்.

துண்டு சேர்க்கும்போது பழைய பக்கத் தையலை முழுவதும் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன், கையும் உடலும் சேரும் தையல் அக்குளில் அவிழ்ந்துவிடாதபடி, பழைய தையல் கோட்டின் இரு பக்கமும் கையால் நான்கு தையல் போட்டுக் கட்டிவிடுங்கள். துண்டை முதலில் முன்துணியோடும், ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு பின்துணியோடும் சேர்த்துத் தையுங்கள்; அக்குள் வளைவில் துணியை இழுத்துப் பிடிக்காமல், அதன் போக்கில் விட்டுத் தைத்தால் சுருக்கம் விழாது. இந்த வேலையை உங்கள் பழைய பருத்தி ரவிக்கை ஒன்றில் ஒருமுறை செய்து பார்த்த பிறகே பட்டில் தொட வேண்டும் என்பது என் கண்டிப்பான வேண்டுகோள்.

சிலர் கொக்கிப் பட்டியை அகலப்படுத்தினால் போதும் என்பார்கள். கொக்கி மாட்டும் கண்ணியை ஓரிரு நூல் வெளியே தள்ளி வைக்கலாம். அதற்கு மேல் போனால் முன்கழுத்தின் வடிவமே விரிந்து, அதைச் சுற்றியுள்ள ஆரி வேலை கோணலாகத் தெரியும்.

தோள்பட்டை நழுவுவதாகச் சொன்னீர்கள். அதை இப்போது தொடவே வேண்டாம். மார்பு பிடித்து, முன்பக்கம் கூடாமல் நிற்கும் ரவிக்கையில் கழுத்து வெளிப்பக்கமாக விரியும். அதனாலேயே தோள் நழுவும். பக்கத்தைத் தளர்த்திக் கொக்கி முழுவதும் மாட்டிய பிறகு, இந்தக் குறை பாதிக்கு மேல் தானாகவே மறைந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். மீதி இருந்தால், பின்கழுத்தின் இரு ஓரத்திலும் அதே பட்டில் கயிறு வைத்து முடிச்சிட்டுக்கொள்ளலாம். தோளின் உட்புறம் சிறு நாடா தைத்து, உள்ளாடைப் பட்டியை அதற்குள் விட்டு அழுத்துப் பொத்தானால் மூடினால் நாள் முழுவதும் நகராது. தோள் தையலைப் பிரித்து ஏற்றுவதும், கழுத்தைச் சிறிதாக்குவதும், மார்பின் வடிவத்துக்காகப் போட்ட பிரின்சஸ் வெட்டையோ டாட் மடிப்பையோ பிரிப்பதும் வீட்டில் செய்யும் வேலை அன்று. ஓரிடத்தைத் தொட்டால் அது இன்னொரு இடத்தை இழுக்கும். ஆரி வேலை செய்த துணியில் பின்வாங்கவும் வழியில்லை.

நாட்களை எப்படிப் பங்கிடுவது என்பதும் முக்கியம். இன்று அளப்பதும் மீதித் துணி கேட்பதும். நாளையும் மறுநாளும் ஊசி, நூல் வாங்கிச் சோதனைத் தையல். நான்காம் நாள் ஒரு பக்கம் மட்டும் புதுத் தையல், அடுத்த நாள் மறுபக்கம். ஒரே நாளில் இரண்டையும் முடிக்க முயன்று, இரவு மின்விளக்கில் அரக்குத் துணியில் அரக்கு நூலைத் தேடாதீர்கள். ஆறாம் நாள் முழு ஒத்திகை: முகூர்த்தப் புடவைக்குப் பதிலாக வேறொரு கனமான பட்டைக் கட்டி, அன்று அணியப்போகும் உள்ளாடையோடு, தரையில் சம்மணமிட்டு அரைமணி நேரம் உட்காருங்கள்; இரு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள்; பெரியவர்கள் காலில் விழுவதுபோல் குனிந்து எழுங்கள். எங்காவது பட்டு இழை விலகி வெள்ளைக் கோடு போலத் தெரிந்தால், அந்த இடத்தில் உள்பக்கம் பருத்தி நாடா வைத்துக் கையால் தைத்து இழுவையைக் குறையுங்கள். ஏழாம் நாளோடு ஊசியை எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பிறகு நலங்கு, மஞ்சள், மருதாணி என்று வரும். ஈர மருதாணிக் கையோ மஞ்சள் பட்ட விரலோ பட்டில் ஒருமுறை பட்டுவிட்டால், பிறகு எந்தத் தையலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இதற்கிடையில் மாற்று ரவிக்கை ஒன்றும் தயாராக இருக்கட்டும். அரக்குப் புடவையின் கரை நிறத்தில், வேலைப்பாடு எதுவுமில்லாத பட்டு ரவிக்கை ஒன்றை இரண்டு நாளில் தைத்துக் கொடுக்க, இந்த முகூர்த்த நெருக்கடியிலும் ஆள் கிடைப்பார். பழைய ரவிக்கையைப் பிரிக்கத் தயங்குபவர்கள்கூடப் புதிதாகத் தைக்கத் தயங்குவதில்லை. ஆரி வேலை ரவிக்கை நன்றாக அமைந்துவிட்டால், இதை மறுவீட்டுக்கு உடுத்துங்கள். அது பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்தாலே அம்மாவின் கை நடுங்காமல் தைக்கும்.

இன்று அளந்து பார்த்ததில் துணி 3 நூலுக்கும் குறைவாக, ஓவர்லாக் அடித்து நறுக்கப்பட்டிருந்தால், துண்டு சேர்க்கும் வேலையையும் வீட்டில் தொடங்காதீர்கள். தைத்தவரிடமே அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேரில் போய், புதிதாகத் தைக்கவோ வடிவத்தை மாற்றவோ கேட்கவில்லை, பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் வைக்க வேண்டும், துண்டை வெட்டிக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். தொலைபேசியில் முடியாது என்று சொன்னவர்கள், வேலை இவ்வளவுதான் என்று கண்ணால் பார்த்த பிறகு செய்து கொடுத்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்த ரவிக்கையைக் கொக்கியில் தொங்கவிடாதீர்கள்; மணிகளின் கனம் தோளை இழுத்துத் தளர்த்திவிடும். இரண்டாக மடித்து, வேலைப்பாட்டுக்கு இடையே மெல்லிய பருத்தித் துணி வைத்து, வெள்ளை வேட்டியில் சுற்றிப் புடவைக்கு மேலாக வையுங்கள். அந்தப் பெட்டியிலேயே அரக்கு நூல் கோத்த ஊசி ஒன்று, நான்கு கொக்கி, பின்னூசிகள், ஒரு சிறு கத்தரிக்கோல் ஆகியவற்றை ஒரு சுருக்குப்பையில் போட்டு, அன்று உங்கள் அருகிலேயே இருக்கப்போகும் சித்தியிடமோ அத்தையிடமோ கொடுத்துவிடுங்கள்.